விசிறி தைக்கிறவள் பார்த்த டான்ஸ் கிளாஸ்கள்

"அக்கா, பாப்பாவ எங்க சேக்கலாம்? பெங்களூரு ரோட்டுல புதுசா தொறந்திருக்காங்களே, அங்கயா? இல்ல வீட்டுல சொல்லித் தர்ற மிஸ்கிட்டயா?"

பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் என் கடைக்கு வரும் அம்மாக்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரியில் நான் பரதநாட்டிய டிரெஸ் தைக்கிறேன். மாங்கனி கண்காட்சி மேடை, பள்ளிக்கூட ஆண்டு விழா, கோயில் திருவிழா என்று எங்கே பிள்ளைகள் ஆடினாலும் அதில் சில டிரெஸ்ஸாவது என் மிஷினில் ஓடியதாக இருக்கும். எனக்கு ஆடத் தெரியாது. ஆனால் ஊரில் இருக்கும் எல்லா கிளாஸ் பிள்ளைகளும் என் முன்னால் வந்து நின்று அளவு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பெரிய ஊர்க் கம்பெனியின் போர்டை மாட்டிக்கொண்ட கிளைப் பிள்ளைகளும் வருகிறார்கள், மொட்டைமாடியில் கற்கிற பிள்ளைகளும் வருகிறார்கள். என் மகளைச் சேர்க்கும்போது நானும் இதே கேள்வியோடு அலைந்தவள்தான். அதனால் ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் என் தொழிலில் இருந்தே சொல்கிறேன். பரதநாட்டிய டிரெஸ்ஸில் சிரமமான இடம் விசிறி. முன்பக்கம் இரண்டு முட்டிக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக விரியுமே, அது. பிள்ளையை நிற்க வைத்து அளவெடுத்தால் தப்பு. மேடையில் உட்கார்ந்து ஆடும்போது மடிப்பு மொத்தமும் இழுபட்டு, பார்டர் மேலே ஏறி, கடைசியில் தையல் விட்டுவிடும். அதனால் அரைமண்டியில், அதாவது முட்டியை இரண்டு பக்கமும் மடக்கிப் பாதி உட்காரும் நிலையில் உட்காரச் சொல்லி, முட்டிக்கு முட்டி டேப் பிடிப்பேன். "அரைமண்டி உக்காரு பாப்பா" என்றதும் அந்தப் பிள்ளைக்கு யார் எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்பது தெரிந்துவிடும். சில பிள்ளைகள் முதுகை முன்னால் சாய்த்து, பின்பக்கத்தைத் தூக்கி உட்காருவார்கள். பாதம் இரண்டு பக்கமும் திரும்பியிருக்கும், முட்டி மட்டும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி உட்கார்ந்தால் முட்டி முறுக்கிக்கொள்ளும். கால் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். முட்டி, பாதம் காட்டும் பக்கமே போகவேண்டும். நன்றாகக் கற்ற பிள்ளை டேப்பை எடுப்பதற்கு முன்பே, சுவரில் சாய்ந்த மாதிரி முதுகை நேராக வைத்து உட்கார்ந்துவிடும்.

என் அளவு நோட்டில் பிள்ளைகளின் பழைய அளவெல்லாம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்குப் போன வருஷம் முட்டிக்கு முட்டி 20 அங்குலம், இந்த வருஷம் 24. உயரம் இரண்டு அங்குலம்தான் கூடியிருந்தது. மீதி எல்லாம் இடுப்பு திறந்ததால் வந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த டீச்சர் ஒரு வருஷம் முழுக்க அந்தக் குழந்தையின் கால் மேல் கண் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். இன்னொரு பிள்ளைக்கு உயரம் கூடியிருக்கும், பாட்டும் இரண்டு மூன்று கற்றிருக்கும், முட்டி அளவு மட்டும் அப்படியே நிற்கும். அந்த அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பேச்சை மாற்றியிருக்கிறேன். இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

அப்படி அளவு நிற்கும் பிள்ளைகள் கிளைகளிலிருந்துதான் அதிகம் வருகிறார்கள். எல்லாக் கிளையும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஏன் என்று யோசித்து, விசாரித்துப் பார்த்ததில் தெரிந்தது இது. போர்டில் இருக்கும் பெயர் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் கம்பெனிக்குச் சொந்தம். இங்கே நடத்துகிறவர் அந்தப் பெயருக்கு முதலில் ஒரு பெரிய தொகை கட்டியிருப்பார். அதற்குப் பிறகு மாதாமாதம் வருமானத்தில் ஒரு பங்கு மேலே போகும். ரோட்டு மேல் கடை வாடகை, ஏசி, சுவர் முழுக்கக் கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் மாதம் இத்தனை பிள்ளைகள் சேர்ந்தே ஆகவேண்டும் என்ற கணக்கு அவர் தலைமேல் நிற்கும். பாடத்திட்டம் மேலிருந்து வரும். மூன்று மாதம் ஒரு லெவல், முடிந்தால் சர்டிபிகேட், வருஷக் கடைசியில் பெரிய மண்டபத்தில் விழா. அந்த விழாவில் எல்லாப் பிள்ளையும் மேடை ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் பெற்றவர்கள் கேட்பார்கள். அதனால் அடவு, அதாவது கை கால் அசைவின் அடிப்படைப் பாடம், பாதியில் நிற்கும், பாட்டு தொடங்கிவிடும்.

அடவு என்பது அவசரப்பட்டால் வராத விஷயம். "தையா தை" என்று தட்டடவில் ஆரம்பித்து, "தையும் தத்தத் தையும் தா" என்று நாட்டடவு, அப்புறம் மற்ற அடவுகள், ஒவ்வொன்றும் மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில். வாரம் இரண்டு கிளாஸ் என்றால் இது முடியவே ஒன்றிரண்டு வருஷம் ஆகும், அதற்குப் பிறகுதான் முதல் நடனமான அலாரிப்பு என்று நான் பழகிய டீச்சர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசை தஞ்சாவூர் நால்வர் காலத்திலிருந்து, அதாவது 19ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு அண்ணன் தம்பிகள் வகுத்த வரிசை. அதை மூன்று மாத லெவலாக வெட்டினால் எதுவோ ஒன்று கீழே விழத்தான் செய்யும்.

என் மகளுக்காகப் பார்த்தபோது முதலில் கிளைக்குத்தான் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகலாம், அவளோடு படிக்கும் பிள்ளையும் அங்கே. வீட்டுக்காரருக்கும் அதுதான் பிடித்திருந்தது. வரவேற்பில் இருந்த பெண் அன்பாகப் பேசினாள், தண்ணீர் கொடுத்தாள், வருஷ ஃபீஸ் மொத்தமாகக் கட்டினால் இவ்வளவு குறையும் என்று அட்டையைக் காட்டினாள். "சொல்லித் தர்றவங்க யாருங்க?" என்று கேட்டேன். "நல்ல டீச்சர்ஸ் இருக்காங்க மேடம்" என்றாள். பெயர் சொல்லவில்லை. அந்த வாரக் கிளாஸ் டீச்சருக்கு அதுதான் முதல் மாதம் என்று அப்புறம் தெரிந்தது. உள்ளே இருபதுக்கும் மேல் பிள்ளைகள் ஸ்பீக்கரில் ஓடும் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். தரை பளபளவென்று கிரானைட்.

இந்தத் தரை விஷயத்தில் நம்ம மாவட்டத்துக்காரர்கள் கவனமாக இருக்கவேண்டும். இங்கே குவாரி பக்கத்திலேயே இருப்பதால் புதுக் கட்டடம் என்றாலே கிரானைட்தான். பார்க்க அழகு, துடைக்கவும் சுலபம். ஆனால் பரதநாட்டியம் முழுக்க வெறுங்காலில் தட்டி ஆடுவது. கல் கொஞ்சமும் வாங்கிக்கொள்ளாது. தட்டுகிற அடி முழுக்கக் குதிகால், கெண்டைக்கால் எலும்பு, முட்டி என்று மேலே ஏறும். மரத்தரை, அதுவும் கீழே கொஞ்சம் இடைவெளி விட்ட மரத்தரை இருந்தால் அது அடியை வாங்கும். கிரானைட் தரையில் வாரம் மூன்று கிளாஸ் ஆடிவிட்டுக் கெண்டைக்கால் வலிக்கிறது என்று அழும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சத்துக் குறைவு என்று நினைத்து டானிக் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் வீட்டு மாடியில் சொல்லித் தரும் டீச்சரிடம் என் மகளைச் சேர்த்தேன். தகரக் கொட்டகை போட்ட மாடி. சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்கு மேல் அங்கே நிற்க முடியாது, அதனால் ஆறு மணிக்கே கிளாஸ் வைத்துவிடுவார். சிமெண்ட் தரை மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் தச்சரை வைத்து அடித்த பிளைவுட் பலகை. பார்க்கப் போன அன்றைக்கு அங்கே நடந்த ஒன்று எனக்கு முடிவைச் சொல்லிவிட்டது. பத்துப் பிள்ளைகள் இரண்டாம் காலத்தில் நாட்டடவு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பொடிப்பிள்ளைக்குக் கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போனது. டீச்சர் திட்டவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. தாளம் போடும் தட்டுக்கழியை மரமணையில் தட்டும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மொத்த கிளாஸும் அதோடு சேர்ந்து முதல் காலத்துக்கு இறங்கியது. அந்தப் பிள்ளை பிடித்துக்கொண்டதும் திரும்ப ஏற்றினார். மற்ற பிள்ளைகளுக்கு எதற்காக இறங்கினோம் என்பதே தெரியாது. பென்டிரைவில் ஓடும் பாட்டுக்கு இதைச் செய்யத் தெரியாது. அது தன் பாட்டுக்கு ஓடும், பிடிக்க முடியாத பிள்ளை பின்வரிசைக்குப் போய்விடும்.

அதனால் நான் எல்லா அம்மாக்களிடமும் சொல்வது, டீச்சரிடம் தட்டுக்கழி இருக்கிறதா, வாயால் சொல்கட்டு, அதாவது "தையா தை" மாதிரி தாளச் சொல், சொல்லித் தட்டத் தெரிகிறதா என்று பாருங்கள். போர்டைப் பார்க்கிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

பணக் கணக்கையும் சொல்லவேண்டும். கிளை ரசீதில் ஃபீஸுக்குக் கீழே 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியாக இருக்கும். மாதம் 1500 ரூபாய் என்றால் 270 ரூபாய் அதிலேயே போகும். தனி ஆளாகக் கலை சொல்லித் தருகிறவருக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. 2022 ஜூலையிலிருந்து இந்த விலக்கு தனி ஆட்களுக்கு மட்டும்தான். எங்கள் டீச்சருக்கு மாதம் 800 ரூபாய், அவ்வளவுதான். வருஷ ஃபீஸை மொத்தமாகக் கட்டச் சொல்லும் இடத்தில் அவசரப்படாதீர்கள். பிள்ளைக்கு இரண்டாம் மாதம் பிடிக்காமல் போனால் அந்தப் பணம் திரும்பி வராது என்று படிவத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கிளையில் நல்லவர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். ஒரு மாஸ்டர் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தார். அவர் இருந்த காலத்தில் அந்தக் கிளைப் பிள்ளைகள் என் கடையில் வந்து உட்கார்ந்த உட்காரலே வேறு. விசிறித் துணி கூடுதலாக வெட்டவேண்டியிருந்தது. 90 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது, சம்பளம் கூடக் கிடைத்ததும் போய்விட்டார். கிளையில் சம்பளம் குறைவு, மேலே போகவும் வழி கிடையாது. அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளுக்குப் பாதியில் கை வேறு மாதிரி, கழுத்து வேறு மாதிரி ஆகிவிட்டது. அடுத்து வந்தவர் வேறு பாணி. வழுவூர்ப் பாணியில் பழகிய உடம்பைக் கலாக்ஷேத்ரா பாணிக்கு மாற்றுவது சின்ன வேலை கிடையாது. இன்னொரு டீச்சர் அதே மாதிரி வேலையை விட்டுவிட்டு இங்கேயே தனியாகச் சொல்லித் தரலாம் என்று பார்த்தபோது, இந்த ஊரில் சொல்லித் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று பயந்தார். என்னிடம் ரவிக்கை தைக்க வரும் வக்கீல் அக்காவிடம் கேட்டேன். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 27ஆம் பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகும் தொழில் செய்யக்கூடாது என்று தடுக்கும் அந்த மாதிரி நிபந்தனை செல்லாது என்று சொன்னார். இப்போது அந்த டீச்சர் காட்டிநாயனப்பள்ளிப் பக்கம் சொல்லித் தருகிறார். இதைப் படிக்கும் டீச்சர்கள் யாராவது இருந்தால் உங்களுக்காகத்தான் எழுதினேன்.

தனி டீச்சர் என்றாலே நல்லவர் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வருஷம் கற்றுவிட்டு, நாலு பாட்டை யூடியூபில் பார்த்து, கிளாஸ் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். "யாருகிட்ட கத்துக்கிட்டீங்க மிஸ்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல டீச்சருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், தன் குருவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கலாக்ஷேத்ரா 1936இல் சென்னையில் ருக்மிணி தேவி தொடங்கிய நாட்டியப் பள்ளி. அங்கே போய்ப் படித்து டிப்ளமா வாங்கியவர் வேறு, "கலாக்ஷேத்ரா பாணி" என்று நோட்டீஸில் போடுகிறவர் வேறு. அரசு இசைக் கல்லூரிகளில் படித்து வந்தவர்களும் நம்ம பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் விளம்பரம் செய்துகொள்வதில்லை.

இன்னொன்று, அரங்கேற்றம். தனி டீச்சர்களிடம் எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான். சிலர் பிள்ளை தயாரோ இல்லையோ, வீட்டில் வசதி இருந்தால் அரங்கேற்றம் வைக்கச் சொல்கிறார்கள். பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் ஆட்களை வெளியூரிலிருந்து கூட்டி வரவேண்டும். மண்டபம், மேக்கப், நகை, போட்டோ, வந்தவர்களுக்குச் சாப்பாடு, டிரெஸ் இரண்டு மூன்று செட். ஒரு கல்யாணத்துக்கு ஆகும் செலவைத் தொட்டுவிடும். எனக்கு அதில் வேலை வரும், இருந்தாலும் சொல்கிறேன், சேரும்போதே கேட்டுவிடுங்கள். "அரங்கேற்றம் கட்டாயமா மிஸ்?" என்று. கோயிலில் சலங்கை பூஜை வைத்து, நாலு உருப்படி ஆடி, பாயசம் கொடுத்து முடிக்கும் டீச்சர்களும் இங்கே இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் எந்த விதத்திலும் குறைந்து போய்விடவில்லை.

பெண் பிள்ளையைத் தனி வீட்டுக்கு அனுப்பும்போது, அம்மா கூட உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால் அங்கே அனுப்பவேண்டாம். இதில் கிளைகள் பரவாயில்லை, கேமரா இருக்கும், வரவேற்பில் எப்போதும் ஒரு ஆள் இருக்கும்.

என் நாத்தனார் காவேரிப்பட்டணம். ஓசூரில் ஷிப்ட் வேலை. அவள் மகளைக் கிளையில்தான் சேர்த்திருக்கிறாள், சரிதான் என்று நானே சொன்னேன். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் கிடைக்கும். வீட்டு டீச்சர்கள் கல்யாண மாதம் என்றால் கிளாஸை மாற்றுவார்கள், ஊருக்குப் போனால் ஒரு வாரம் இருக்காது. கிளையில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருவார், நேரம் மாறாது. அதோடு அவள் மகள் கற்பது வெஸ்டர்ன். அதற்கு நல்ல ஸ்பீக்கரும் கண்ணாடியும் வேண்டும், அந்தப் பிள்ளையும் குதித்துக் குதித்துச் சந்தோஷமாக இருக்கிறாள். வாக்கிங் போக நேரமில்லாத அம்மாக்கள் ஜும்பாவுக்குப் போவதானாலும் கிளைதான் வசதி. நான் எழுதுவது பரதத்தை வருஷக்கணக்கில் கற்கவேண்டும் என்று நினைக்கும் வீடுகளுக்காக.

பணமே தடை என்றால் விட்டுவிடாதீர்கள். கிருஷ்ணகிரியிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றோடு பரதநாட்டியமும் மூன்று வருஷப் படிப்பு. 12 வயதிலிருந்து 25 வரை சேரலாம், பரதத்துக்கு ஏழாம் வகுப்புப் படித்திருக்கவேண்டும். ஃபீஸ் மிகவும் குறைவு, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு 5 வயதிலிருந்து 16 வரை, அரசு கலைகள் சொல்லித் தரும் ஜவகர் சிறுவர் மன்றம். ஊரில் பாதிப் பேருக்கு இவை இருப்பதே தெரியவில்லை, அது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. மாங்கனி கண்காட்சி மேடையில் இசைப்பள்ளிப் பிள்ளைகள் ஆடும்போது ஒருமுறை முன்வரிசையில் போய் உட்கார்ந்து அவர்கள் அரைமண்டியைப் பாருங்கள். நன்றாக ஆடும் பிள்ளைக்கு 10 வயதிலிருந்து 14க்குள் டெல்லியில் இருக்கும் மத்திய அரசின் கலாசாரப் பயிற்சி மையமான சிசிஆர்டி தரும் உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம். வருஷத்துக்கு 3600 ரூபாயும், டீச்சர் ஃபீஸுக்குத் தனியாகவும் தருகிறார்கள். தனி டீச்சரிடம் கற்கிற பிள்ளையும் எழுதிப் போடலாம். நான் பார்த்த கிராமத்துப் பிள்ளைகள் யாரும் விண்ணப்பமே போடுவதில்லை.

விஜயதசமிக்குச் சேர்க்கலாம் என்று இருக்கிறவர்கள் ஆவணியிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். விஜயதசமி அன்றைக்கு வழக்கமான பாடம் நடக்காது, பூஜையும் தாம்பாளமும் புதுப்பிள்ளைகள் கூட்டமும்தான். அன்றைக்குப் பார்த்தால் எல்லா இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும். சாதாரண செவ்வாய், வெள்ளியில், கிளாஸ் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது போங்கள். கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு மாத ஃபீஸ் மட்டும் கட்டுங்கள். டிரெஸ்ஸுக்கு இப்போதே வரவேண்டாம், முதல் வருஷம் பருத்திப் பாவாடையும் பிராக்டிஸ் புடவையும் போதும்.